கூரை ஒழுகினால் பேட்டரி ஏன் இறங்குகிறது? கேரவன் வேனோடு நான் பட்ட பாடு

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. படி ஏற முடியாது, தரையில் குந்த முடியாது. கோயில் ஆசை மட்டும் குறையவில்லை. திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருவெண்காடு என்று நவக்கிரகக் கோயில்கள் எல்லாம் எங்கள் கும்பகோணத்தைச் சுற்றியே இருந்தும், வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்ற பயத்தில் அவள் வெளியே கிளம்புவதையே விட்டுவிட்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, கட்டில், சின்ன சமையல் மேடை, டாய்லெட் எல்லாம் வைத்துக் கட்டிய பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினேன். விலை 8,75,000 ரூபாய். வாங்கியது மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

வெயில் காலத்தில் எந்த வண்டியும் ஒழுகாது. உள்ளே சுவரெல்லாம் புத்தம் புது வெள்ளை பிவிசி பலகை அடித்திருந்தார்கள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. பழைய வண்டியில் கூரைப் பலகை மட்டும் புதிதாக இருந்தால், எந்தக் கறையை மறைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் வாங்கப் போனால் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அரை மணி நேரம் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் திறந்து மூக்கை நீட்டிப் பாருங்கள். ஈரச் சாக்கு வாடை வந்தால் அதை எந்த ஸ்ப்ரேயும் மறைக்காது. கட்டிலுக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் பிளைவுட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள், உள்வாங்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை அது காட்டிக்கொடுத்துவிடும். முக்கியமாக, டியூப் வைத்துக் கூரையில் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

புரட்டாசியில் நாலு மழை பெய்ததும் கட்டிலுக்கு மேலே, பின்பக்க மூலையில் டீக்கறை மாதிரி ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் ஏறிப் பார்த்து, சோலார் பேனல் கால்களைச் சுற்றி, ஏசி விளிம்பைச் சுற்றி, கண்ணில் பட்ட எல்லா இடத்திலும் சிலிக்கான் அப்பினார். பத்து நாளில் வட்டம் பெரிதானது. இன்னொரு தரம் அப்பினார். மொத்தம் 3,200 ரூபாய்.

இதே சமயத்தில் பேட்டரித் தொல்லையும் ஆரம்பித்தது. ராத்திரி நன்றாக எரிந்த லைட் காலையில் மினுக்கும், இன்வெர்ட்டர் கத்தும். பேட்டரி பழசு என்று சொன்னார்கள், 17,500 ரூபாய்க்குப் புதிய 150 ஆம்பியர் அவர் பேட்டரி போட்டேன். இரண்டு வாரம் சரியாக இருந்தது, மறுபடியும் இறங்கியது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று இன்னொருவர் சொன்னார், அதற்கு 6,800 போயிற்று. இரண்டு மாதம் நான் டிங்கரிடம் ஒழுகலைப் பற்றிப் பேசினேன், எலக்ட்ரீஷியனிடம் பேட்டரியைப் பற்றிப் பேசினேன். அவரிடம் இதையும் இவரிடம் அதையும் சொல்லவே இல்லை. இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு நோட்டு எடுத்து, மழை பெய்த தேதியை ஒரு பக்கமும் பேட்டரி இறங்கிய தேதியை எதிர்ப் பக்கமும் எழுதியிருந்தால் ஒரே வாரத்தில் விளங்கியிருக்கும். மழைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் பேட்டரி இறங்கியிருக்கிறது. வெயில் அடித்த வாரங்களில் ஒரு தொல்லையும் இல்லை.

நடுவில் நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. திருவாரூரில் சித்தி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவர்கள் வீட்டு பிளக் பாயின்ட்டிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போட்டிருந்தேன். மழை விட்டுத் தரையெல்லாம் ஈரம். அம்மா கீழே நின்றபடி ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்தவள், “ஏண்டி, சுர்ருங்குதுடி” என்று கையை உதறினாள். நான் வண்டிக்குள்ளிருந்து அதே கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. வயதான உடம்பு, நரம்பு இழுக்கிறது போல என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை மனசு உறுத்துகிறது.

விஷயம் இதுதான். வண்டி நிற்பது ரப்பர் டயர் மேல். உள்ளே கீசரிலோ சார்ஜரிலோ கரண்ட் கசிந்து பாடிக்கு வந்தால், சரியான எர்த் இருந்தால் அந்த வழியாகப் போய்விடும். சித்தி வீட்டு பாயின்ட்டில் எர்த் ஓட்டை இருந்தது, அதற்குள் ஒயர் இல்லை. அதனால் வண்டியின் மொத்த இரும்பும் கரண்டை வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். அன்று கொஞ்சமாகக் கசிந்ததால் அம்மா தப்பித்தாள். இந்த மாதிரி ஒரு தரம் சுர்ரென்றாலும் வண்டியைத் தொடாமல், வீட்டுக்குள் போய் முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். வண்டிக்குள் கரண்ட் நுழையும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச், ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். எம்சிபி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால் விழுந்து ஒயர் கருகாமல் காக்கும், ஆளைக் காக்காது. மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று காட்டும் மூன்று விளக்கு டெஸ்டர் மின்சாமான் கடையில் கிடைக்கிறது. ஊர் ஊராகப் போகிறவர்கள் கையில் அது இருக்க வேண்டும்.

சரி, குத்தாலத்தில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். ஐப்பசி மாதம் முழுக்க மாயவரம் காவிரியில் துலா முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். அம்மா இருபது வருடமாகப் போகாத முழுக்கு அது. கூட்டம் சேருவதற்குள் துலாக்கட்டம் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முந்தின நாள் சாயங்காலமே கும்பகோணத்திலிருந்து கிளம்பினோம். ஐப்பசி அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள். ஆடுதுறை தாண்டும்போதே வைப்பர் தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறியது. குத்தாலத்தில் ரோட்டோரம் ஒரு மூடிய கடை முன்னால் ஒதுங்கினேன். மாயவரத்துக்கு இன்னும் சுமார் பத்து கிலோமீட்டர்.

ராத்திரி ஒன்பதரை இருக்கும். கூரை லைட் ஒன்று தானாக அணைந்தது, மங்கலாக எரிந்தது, மறுபடி அணைந்தது. அண்ணாந்து பார்த்தேன். லைட்டின் வட்டமான கண்ணாடி மூடிக்குள் கால்வாசி தண்ணீர். பல்பு அதற்குள் மூழ்கிக்கொண்டு எரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி விளிம்பிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை. அம்மா கட்டிலில் முருகா முருகா என்கிறாள். இன்வெர்ட்டரை அணைத்தேன், வாடை நிற்கவில்லை. மொத்தக் கரண்டையும் நிறுத்த ஒரு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அப்படி ஒன்று அந்த வண்டியில் இல்லவே இல்லை. கட்டிலுக்கு அடியில் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். கை அவ்வளவு நடுங்கியது. வாடை அடங்கியது. வண்டியைக் கிளப்பி எங்காவது வெளிச்சமான இடத்துக்குப் போகலாம் என்று சாவியைத் திருகினால் டக் டக் என்ற சத்தம்தான். இன்ஜின் பேட்டரியும் காலி. விடிய விடிய அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு, வண்டிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் வெளிக் கரண்ட் இருந்தால் பிடுங்க வேண்டும், அப்புறம் இன்வெர்ட்டர், அப்புறம் பேட்டரி நெகட்டிவ். பகலாக இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் சோலார் பேனல் இணைப்பை நிறுத்த வேண்டும். வெயில் இருக்கும்வரை பேனல் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரி இல்லாமல் அது வந்தால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். கூரைப் பலகை தண்ணீர் கோத்துத் தொங்கினால், கரண்டை நிறுத்திய பிறகு, பள்ளமான இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வாளியில் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி இன்னும் நாலு லைட்டுக்குப் போகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போட ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். வண்டி வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.

காலையில் டீக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை, முதலில் ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, வண்டி எங்க ஒழுகுது?” நான் கட்டில் மூலையைக் காட்டினேன். “அது சொட்டுற எடம். ஒழுகுற எடம் எது?” என்றார். இரண்டு மாதத்தில் எவரும் கேட்காத கேள்வி.

அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தார். எதுவும் ஓடாதபோது அங்கே ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. எங்கள் வண்டியில் 1.8 ஆம்பியர் காட்டியது. ஒரு நாளைக்கு 43 ஆம்பியர் அவர். 150 பேட்டரி நிரம்பியிருந்தாலும் மூன்றரை நாளில் காலி. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னார். ஐந்தாவதைப் பிடுங்கியதும் 1.8 சரேலென்று 0.04க்கு இறங்கியது. கூரை லைட் வரிசை. மீட்டர் இப்படி இருக்கும்போது இன்வெர்ட்டரையோ இன்ஜினையோ போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். இன்ஜின் பேட்டரி ஏன் செத்தது என்பதும் தெரிந்தது. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் ரிலே, இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்க வேண்டும். அதன் உள்முனைகள் உருகி ஒட்டிப்போய், எப்போதும் சேர்ந்தே கிடந்திருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு ரிலேயின் இரண்டு முனைகளிலும் வோல்ட் அளந்தால் இது தெரியும். இரண்டிலும் புள்ளி மாறாமல் ஒரே வோல்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

லைட்டைக் கழற்றி, மேலே இருந்த ஒயர் இணைப்பை என் கையில் கொடுத்தார். இரண்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, அவ்வளவுதான். டேப்பை உரித்தால் உள்ளே பசை மாதிரி ஈரம். செம்பு இழைகளில் பச்சைப் பொடி. ஒயரின் மேல்தோலை ஒரு சாண் சீவிக் காட்டினார், உள்ளே செம்பு நிறமே இல்லை, கரிக்கட்டி மாதிரி கறுப்பு. திரியில் எண்ணெய் ஏறுவது போல, தோலுக்குள்ளேயே இழைகளுக்கு நடுவில் தண்ணீர் ஏறிப் போயிருக்கிறது. ஈரமாக இருக்கும்போது அந்த முனையிலிருந்து கூரை இரும்புக்குக் கரண்ட் கசியும். காய்ந்தால் நின்றுவிடும். நான் பட்டறைக்குக் கொண்டுபோன நாளெல்லாம் காய்ந்த நாள், அதனால்தான் எவர் கண்ணிலும் படவில்லை. கருகும் வாடை வந்த ராத்திரியிலும் ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்றால், ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் எவரோ செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். ஃப்யூஸ் அடிக்கடி போனால், பெரிய ஃப்யூஸோ கம்பியோ போடாதீர்கள். அது போவதே ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லத்தான்.

அவர் அந்த வரிசையைத் துண்டித்து, வேறு பேட்டரி கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடும்போது இருட்டிவிட்டது. 1,500 ரூபாய்தான் வாங்கினார். கடைமுகம் போய்விட்டதே என்று நான் அழுதேன். அம்மாதான், “நாளைக்கு முடவன் முழுக்கு இருக்கேடி, எனக்குன்னே வெச்சது” என்றாள். நடக்க முடியாமல் ஒரு நாள் பிந்தி வந்த முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாள் கிடைத்த முழுக்கு அது. மறுநாள் காலை துலாக்கட்டத்தில் அவளை மேல்படியில் உட்கார வைத்து, சொம்பு சொம்பாகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து, கூரைப் பலகை மொத்தத்தையும் கழற்றினேன். பிளைவுட் புட்டு மாதிரி கையோடு வந்தது. ஓட்டையைத் தேட அந்தக் குத்தாலத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன வழி இது. நன்றாக வெயில் அடித்த நாளில், கூரையின் உட்புற இரும்பில், ஓரங்களிலும் திருகுகளைச் சுற்றியும் கோலமாவைத் தூவ வேண்டும். கூரை தலைக்கு மேலே இருப்பதால், கையில் எடுத்து ஊதினால் ஒட்டும். வெளியே ஒருவர் டியூபில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும், பீய்ச்சி அடிக்கக் கூடாது. கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் கொடுத்து, மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எது ஓட்டை என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க, மாவில் கறுப்பாக ஒரு கோடு இறங்கும். எங்களுக்குக் கோடு வந்தது சிலிக்கான் அப்பிய எந்த இடத்திலும் இல்லை. சோலார் கேபிள் கூரைக்குள் நுழையும் ஓட்டையில். தண்ணீர் அந்தக் கேபிளையே பிடித்துக்கொண்டு ஆறடி முன்னால் ஓடி லைட்டுக்கு மேல் சொட்டியிருக்கிறது. வண்டி பின்பக்கம் சாய்ந்து நின்ற நாளில் கட்டில் மூலைக்குப் போயிருக்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைப் பாருங்கள், குழாய்க்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டிருப்பார்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த ஒரு சாண் தொங்கல் எங்கள் கேபிளுக்கு இல்லை.

பழைய சிலிக்கானைக் கத்தியால் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது. ஒரு தூசு மிச்சமிருந்தாலும் புதிய சீலன்ட் அதன்மேல் ஒட்டாது. வினிகர் வாடை வரும் சிலிக்கானை இரும்பில் போடவே கூடாது, அது காயும்போது வெளியாகும் அமிலம் துருவைக் கொண்டுவரும். விளிம்புகளுக்கு அடியில் ரப்பர் மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப், மேலே வண்டி பாடிக்கான பியு (பாலியூரித்தேன்) சீலன்ட் என்று போட்டோம். அவசரப்பட்டு உடனே பலகை அடிக்காதீர்கள். மார்கழியில் வண்டிக்குள் ஃபேன் ஓடியது, மூன்று வாரம் காய்ந்த பிறகுதான் மூடினேன். இதில் இன்னொரு குழப்பமும் வந்தது. ஒழுகல் நின்ற பிறகும் ஒரு சுவர் காலையில் ஈரமாகவே இருந்தது. பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் வெளியிலிருந்து வருகிறது, முன்னால் ஈரம் என்றால் நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்து படிந்தது. எங்களுக்கு முன்னால்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்ததும் சரியாகிவிட்டது.

ஒயரிங்கை முழுக்க மாற்றினேன். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், கிரிம்ப் செய்த, அதாவது கருவியால் நசுக்கி இறுக்கிய முனை, அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை என்று உப்புக்காற்றுப் பக்கம் போகிறவர்கள் சாதா ஒயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பாடியோடு சேரும் எர்த் முனைகளையும் பாருங்கள். எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த முனைக்கும் நடுவில் வோல்ட் அளங்கள், 0.2க்குள் இருக்க வேண்டும். எங்களுடையது 1.4 காட்டியது. துருவைத் தேய்த்து எடுத்துத் திருகியதும் 0.1 ஆனது.

கூரைக்கு 64,000, ஒயரிங்குக்கு 38,000, ரிலே, ஆர்சிசிபி, கட் ஆஃப் சுவிட்ச் எல்லாம் சேர்த்து 9,500. வீணாய்ப் போன பேட்டரி, ஆல்டர்னேட்டர், சிலிக்கான் 27,500. குத்தாலத்து அண்ணனுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் 1,40,500 ரூபாய், ஏழு வாரம். இன்ஷூரன்ஸில் ஒரு பைசா வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக் கெட்டது தேய்மானக் கணக்கு என்றார்கள். அதோடு, வேனைக் கேரவனாக மாற்றியது ஆர்.சி.யில் ஏறவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இந்த மாதிரி மாற்றத்துக்கு அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். வாங்கும்போது ஆர்.சி.யை ஒரு வழக்கறிஞரிடமோ விவரம் தெரிந்தவரிடமோ காட்டிவிடுங்கள். எனக்கு அந்த வேலை இன்னும் முடியவில்லை.

பின் ஜன்னலில் மட்டும் ஒரு சின்ன ஒழுகல் மிச்சம் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து சாரல் அடித்தால் மட்டும் வருகிறது. அடியில் எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன், போன மழைக்குக் கால் டம்ளர் சேர்ந்தது, தேதியோடு நோட்டில் எழுதிவிட்டேன். புது ரப்பர் பீடிங் வாங்கி வைத்தாகிவிட்டது. ஈரத்தில் ஒட்டாது, நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.